நெவாதிம்: பாலைவனத்துல ஒரு மலையாள ஊர்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, லேசாகத் திருத்திய வடிவம்.)

இஸ்ரேல்–பாலஸ்தீனம் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. நானும் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். ஏன்னா, இந்த விஷயத்தைத் தொட்ட முதல் நிமிஷத்துலயே "நீ எந்தப் பக்கம்?"னு கேட்பாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மாமா ஒரு கொடியைப் போடுவார், சித்தப்பா எதிர்க்கொடியைப் போடுவார், அத்தை ஒரு ரோஜாப்பூ படம் போட்டு சமாதானம் பண்ணுவாங்க. மூவாயிரம் வருஷத்துக் கதை அதோட முடிஞ்சுடும்.

அதனால இன்னிக்கு ஒரே ஒரு சின்ன ஊர் வழியா உள்ளே போகலாம். ஊர் பேர் நெவாதிம். இஸ்ரேலின் தெற்கே, நெகேவ் பாலைவனத்துல, பீர்ஷேபா நகரத்துக்குப் பக்கத்துல இருக்கு. இந்தப் பேரை நீங்க கேட்டிருப்பீங்க. 2024 ஏப்ரல் 13 ராத்திரி, ஈரான் தன் மண்ணிலிருந்து முதல் முறையா நேரடியா இஸ்ரேல் மேல 300க்கும் அதிகமான ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பிச்சுல்ல, அதோட முக்கியமான குறிகள்ல ஒண்ணு நெவாதிம் விமானப்படைத் தளம். அக்டோபர் 1 அன்னைக்கு மறுபடியும் அடிச்சாங்க. நம்ம டிவில ரெண்டு நாள் அந்தப் பேர் ஓடிட்டே இருந்துச்சு.

டிவி சொல்லாத விஷயம் ஒண்ணு. அந்தத் தளத்துக்குப் பேர் வந்தது பக்கத்துல இருக்கிற ஒரு விவசாய கிராமத்திலிருந்து. அந்த கிராமத்துல வயசானவங்க பேசுற மொழி மலையாளம். பறவூர், சேந்தமங்கலம், மாளை, எர்ணாகுளம்னு பெரியாத்துக் கரையில பிறந்தவங்க, அங்கே போய்க் குடியேறினவங்க. அவங்க எப்படி அங்கே போனாங்க, ஏன் போனாங்க, அவங்க போறதுக்கு முன்னாடி அந்த நிலத்துல யார் இருந்தாங்க? இந்த மூணு கேள்விக்குப் பதில் தேடினாலே, யூதர்களோட தாயகம் என்கிற கதையும் அதோட சண்டையும் கிட்டத்தட்ட முழுசா வந்துடும்.

எனக்கு ஊர் தியாகதுருகம். எங்க பக்கம் இஸ்ரேல்னு சொன்னா ஏவுகணை ஞாபகம் வராது, சொட்டுநீர்க் குழாய்தான் ஞாபகம் வரும். கரும்புக்காட்டுல ஓடுற அந்தக் கறுப்புக் குழாய்த் தொழில்நுட்பத்தை உலகத்துக்குக் கொண்டுபோன நெட்டாஃபிம் கம்பெனி, 1965ல ஹட்செரிம் என்கிற கூட்டுப்பண்ணையில ஆரம்பிச்சது. ஹட்செரிமும் நெவாதிமும் ஒரே ராத்திரியில் உருவான ஊர்கள். அந்த ராத்திரிக்கு அப்புறமா வரேன்.

முதல்ல கேரளா. இன்னும் சரியா சொன்னா, கேரளான்னு தனியா ஒண்ணு உருவாகாத காலத்துச் சேர நாடு. முசிறித் துறைமுகம் நமக்குப் புதுசு இல்ல, சங்க இலக்கியம் படிச்ச எல்லாருக்கும் தெரியும். யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பின இடம். மேற்காசியாவோட இந்தக் கடல் வியாபாரம் எவ்வளவு பழசுங்கிறதுக்கு ஒரு சுவாரசியமான சாட்சி இருக்கு. எபிரேய பைபிள்ல சாலமோன் ராஜாவோட கப்பல்கள் கொண்டுவந்த பொருள் பட்டியல்ல 'துக்கி'ன்னு ஒரு பறவை வருது. மயில்னு அர்த்தம் சொல்வாங்க. நம்ம 'தோகை'தான் அங்கே 'துக்கி' ஆச்சுன்னு மொழியியலாளர்கள் பல பேர் சொல்றாங்க. இன்னிக்கு எபிரேயத்துல அதே வார்த்தைக்குக் கிளின்னு அர்த்தம் மாறிடுச்சு. மயிலா போய்க் கிளியா ஆனதுக்கு நாம பொறுப்பில்ல.

கி.பி. 70ல ரோமானியர்கள் ஜெருசலேம் கோயிலை இடிச்சப்போ கிளம்பி வந்தவங்க நாங்கன்னு கொச்சி யூதர்கள் தங்களோட மரபுக் கதையைச் சொல்வாங்க. கல்வெட்டு மாதிரி கையில பிடிச்சுக் காட்டக்கூடிய ஆதாரம் சுமார் கி.பி. 1000ல கிடைக்குது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்கிற யூத வணிகர் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்துல இருக்கு. அஞ்சுவண்ணம் என்கிற வணிகக் குழுவோட தலைமையையும், 72 உரிமைகளையும் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுக்கிறார். பகல்ல விளக்கு ஏத்திட்டுப் போகலாம், குடை பிடிக்கலாம், பல்லக்குல போகலாம், பறை முழங்கலாம், தோரணம் கட்டலாம், சில வரிகள் கட்ட வேண்டாம். 2017ல மோதி இஸ்ரேலுக்குப் போனப்போ நெதன்யாகுவுக்குப் பரிசா கொடுத்தது இந்தச் செப்பேட்டோட நகல்தான்.

அதே காலத்துல ஐரோப்பாவுல என்ன நடந்துச்சுன்னு பக்கத்துல வச்சுப் பார்க்கணும். 1290ல இங்கிலாந்து யூதர்களை மொத்தமா வெளியேத்துது. 1492ல ஸ்பெயின். அப்படித் துரத்தப்பட்டவங்களோட வாரிசுகள் சில பேர் லண்டன் வழியா 17ஆம் நூற்றாண்டுல சென்னைக்கே வந்தாங்க. மத்தியதரைக்கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிட்டுப் போனாங்க. ஜார்ஜ் டவுன்ல பவளக்காரத் தெருன்னு ஒண்ணு இருக்கே, அந்த வியாபாரத்தோட மிச்சம். பாரிமுனைப் பக்கம் போறவங்க அடுத்த தடவை போர்டைப் பாருங்க.

கேரளாவுல எல்லாமே தேனும் பாலுமா ஓடுச்சுன்னு சொல்ல வரல. 1524ல கொடுங்கல்லூர் யூதர்கள் மேல பெரிய தாக்குதல் நடந்து, அவங்க கொச்சிக்கு ஓடி வந்தாங்க. கொச்சி ராஜா தன் அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஒட்டினாப்புலயே இடம் கொடுத்தார். 1568ல கட்டின பரதேசி ஜெபக்கூடத்துக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். 1662ல போர்ச்சுகீசியர் அதுக்குத் தீ வச்சாங்க. அடுத்த வருஷம் டச்சுக்காரங்க கொச்சியைப் பிடிச்சதும் திரும்பக் கட்டினாங்க. ஆக, அடிச்சதுல பெரும் பங்கு வெளியிலிருந்து வந்தவங்களோடது. உள்ளூர் ராஜா யூதர்ங்கிற காரணத்துக்காக அவங்களை விரட்டினதில்ல.

யூதர்களுக்குள்ளேயே ஒரு சாதி இருந்துச்சுங்கிறதையும் சொல்லணும். நம்ம மண்ணுக்கு வந்து அது இல்லாம இருக்குமா? பழைய மலபார் யூதர்கள் பெரும்பான்மை, பின்னாடி வந்த பரதேசி யூதர்கள் சிறுபான்மை. பரதேசிகள் தங்களை 'வெள்ளை', மத்தவங்களை 'கறுப்பு'ன்னு பிரிச்சாங்க. விடுதலையான அடிமைகளோட வாரிசுகளுக்கு மட்டாஞ்சேரி ஜெபக்கூடத்துல சம இடம் கிடையாது. அந்தப் பிரிவுல பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சாலெம், காந்தி காட்டின சத்தியாகிரகத்தைக் கையில எடுத்து ஜெபக்கூடத்துக்குள்ளேயே போராடினார். 'யூத காந்தி'ன்னே அவருக்குப் பேர். இந்த மனுஷன் மறுபடியும் வருவார்.

சரி, ஆயிரம் வருஷம் இங்கே வாழ்ந்தவங்களுக்குத் தாயகம் எது? பஸ்கா பண்டிகை முடியும்போது, அடுத்த வருஷம் ஜெருசலேம்ல இருப்போம்னு சொல்லித்தான் எழுந்திருப்பாங்க. மொராக்கோவுல சொன்னாங்க, போலந்துல சொன்னாங்க, பறவூர்லயும் சொன்னாங்க. சொல்லிட்டு மறுநாள் காலையில மிளகு வியாபாரத்துக்குப் போனாங்க. பல நூற்றாண்டுக்கு அது ஒரு ஜெபம், டிக்கெட் புக்கிங் கிடையாது.

இதைப் புரிஞ்சுக்க எனக்கு எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு உதாரணம் இருக்கு. தியாகதுருகத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழுற மலையாளிப் பழங்குடி மக்கள், தங்களோட முன்னோர் காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்கன்னு தலைமுறை தலைமுறையா கதை சொல்றாங்க. கதையில காஞ்சி பத்திரமா இருக்கு. ஆனா காஞ்சிபுரத்துல எங்க இடத்தைத் திருப்பிக் கொடுன்னு யாரும் கேட்டதில்ல. அவங்க கேட்கிறது, காலங்காலமா உழுதுட்டு இருக்கிற மலை நிலத்துக்குப் பட்டா. பூர்வீக நினைவு இருக்கிறதாலேயே அது அரசியல் ஆயிடாது. அதை அரசியல் ஆக்க வேற ஏதோ வேணும். யூதர்கள் விஷயத்துல அந்த 'வேற ஏதோ' ஐரோப்பாவுல நடந்துச்சு.

பழைய வரலாற்றை வேகமா ஓட்டிடறேன். கி.மு. 586ல பாபிலோன் முதல் கோயிலை இடிக்குது. பாரசீகர் காலத்துல திரும்பி வர்றாங்க. கி.பி. 70ல ரோம் ரெண்டாவது கோயிலை இடிக்குது. 132லேருந்து 135 வரைக்கும் நடந்த கிளர்ச்சியையும் நசுக்கி, அந்த மாகாணத்துக்கே 'சிரியா பாலஸ்தீனா'ன்னு பேர் மாத்துது. யூதர்கள் மொத்தமா காலி ஆயிடல, கலிலேயாவுல தொடர்ந்து இருந்தாங்க. 638 வாக்குல அரபு ஆட்சி, 1099ல சிலுவைப் போர்க்காரர்கள், 1517லேருந்து ஒட்டோமான் துருக்கியர். 19ஆம் நூற்றாண்டு கடைசியில அங்கே பெரும்பான்மையா வாழ்ந்தது அரபி பேசுற முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். யூதர்கள் சின்ன சிறுபான்மை.

ரஷ்யாவுல 1881லேருந்து யூதக் குடியிருப்புகள் மேல அலை அலையா வன்முறை. பிரான்ஸ் மாதிரி 'முன்னேறின' நாட்டுலயே 1894ல டிரைஃபஸ்ங்கிற ராணுவ அதிகாரியை யூதர்ங்கிறதால தேசத்துரோகின்னு மாட்டி விடறாங்க. இதையெல்லாம் பார்த்த தியோடர் ஹெர்சல் என்கிற பத்திரிகையாளர், யூதர்களுக்குத் தனி அரசு வேணும்னு 1896ல புத்தகம் எழுதறார். அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துல முதல் சியோனிச மாநாடு. ஜெபம் அரசியல் திட்டமா மாறின இடம் இது. கொச்சியில இல்ல, ஐரோப்பாவுல.

முதல் உலகப் போர் வருது. ஐடி-யில இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும்: ஒரே சர்வரை மூணு கிளையன்ட்டுக்கு வித்த கதை. 1915–16ல மெக்கா ஷெரீஃப் ஹுசைனுக்கு எழுதின கடிதங்கள்ல அரபு சுதந்திரம்னு பிரிட்டன் சொல்லுது. 1916ல பிரான்ஸோட ரகசியமா உட்கார்ந்து அதே பகுதியை மேப்ல கோடு போட்டுப் பிரிச்சுக்குது. 1917 நவம்பர் 2 அன்னைக்கு வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், ராத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதின கடிதத்துல, பாலஸ்தீனத்துல யூதர்களுக்கு ஒரு 'தேசிய இல்லம்' அமையறதை ஆதரிக்கிறோம்னு அறிவிக்கிறார். ஆங்கிலத்துல மொத்தமே 67 வார்த்தை. அங்கே கிட்டத்தட்ட பத்துல ஒன்பது பங்கா இருந்த அரபு மக்கள் அதுல 'யூதரல்லாத சமூகங்கள்'னு மட்டும் வர்றாங்க. அவங்களோட மத உரிமை, சிவில் உரிமை காக்கப்படும்னு இருக்கு. அரசியல் உரிமை பத்திப் பேச்சே இல்ல.

எங்க ஊர்க் கோட்டை மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பழகின கதை. 1750கள்லயும் 1760லயும் தியாகதுருகம் கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடிச்சுக்கிட்டாங்க. பீரங்கி இன்னும் மேல கிடக்கு. கீழே ஊர்ல நெல்லு நட்டுட்டு இருந்தவங்களை ரெண்டு பேருமே கேட்கல.

பாலஸ்தீனத்தைத் துருக்கிகிட்டேருந்து பிடிச்ச பிரிட்டிஷ் படையில இந்தியர்கள் நிறைய. 1918 செப்டம்பர் 23, ஹைஃபா நகரத்தைக் குதிரைப்படையா பாய்ஞ்சு பிடிச்சது ஜோத்பூர், மைசூர் லான்சர்கள். டெல்லியில தீன் மூர்த்தி சிலை இருக்கே, அதுல நிக்கிறவங்க அந்தப் படைகளோட நினைவு. 2018ல அந்த சௌக்குக்கு ஹைஃபா பேரையும் சேர்த்தாங்க. ஆக, இந்தச் சண்டையில நமக்கு என்ன சம்பந்தம்னு கேட்க முடியாது. அந்த நிலம் பிரிட்டன் கைக்குப் போனதுல மைசூர்க் குதிரைக்கும் பங்கு இருக்கு.

காந்தி என்ன சொன்னார்? அவரோட நெருங்கின நண்பர் ஹெர்மன் காலன்பாக் ஒரு யூதர். தென்னாப்பிரிக்காவுல டால்ஸ்டாய் பண்ணைக்கு நிலம் கொடுத்தவர். சத்தியாகிரகத்துல சிறைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் தங்கினது அந்தப் பண்ணையிலதான். 1937ல காலன்பாக் இந்தியாவுக்கு வந்து சியோனிசத்துக்கு ஆதரவு கேட்கிறார். 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழ்ல காந்தி எழுதின கட்டுரையில, யூதர்கள் படுற துன்பம் நம்ம தீண்டாமைக் கொடுமை மாதிரின்னு ஒப்பிட்டு, என் அனுதாபம் முழுக்க அவங்களுக்குன்னு சொல்றார். ஆனா பாலஸ்தீனம் அரபுகளோடது, துப்பாக்கி நிழல்ல போய் இறங்கறது தப்புங்கிறார். அதே மூச்சுல, ஜெர்மனி யூதர்கள் ஹிட்லரை சத்தியாகிரகத்தால எதிர்க்கணும்னும் சொல்றார். அந்தக் கடைசி அறிவுரை எனக்கு இன்னிக்கும் ஜீரணிக்க முடியாத ஒண்ணு. அது வந்தப்போ ஜெர்மனியில ஜெபக்கூடங்கள் எரிஞ்சு மூணு வாரம்கூட ஆகல.

அதுக்கப்புறம் நடந்தது 60 லட்சம் யூதர்களோட படுகொலை. தப்பிக்க வழி தேடினவங்களுக்குப் பல நாடுகள் கதவைச் சாத்துச்சு. பாலஸ்தீனத்துலயும் பிரிட்டன் 1939ல, அஞ்சு வருஷத்துக்கு 75,000 பேர்தான்னு வரம்பு போட்டிருந்துச்சு. தனி அரசு வேணும்ங்கிற கோரிக்கை ஏன் அவ்வளவு வெறியா மாறிச்சுன்னு புரிய இந்த ஒரு வரி போதும்.

இப்போ அந்த ராத்திரி. 1946 அக்டோபர் 5, யோம் கிப்பூர் நோன்பு முடிஞ்ச உடனே, லாரிகள்ல மரச்சட்டம், தண்ணித் தொட்டி, முள்வேலி எல்லாம் ஏத்திக்கிட்டு நெகேவ் பாலைவனத்துக்குள்ள போறாங்க. விடியறதுக்குள்ள 11 குடியிருப்பு. நெவாதிம் ஒண்ணு, ஹட்செரிம் ஒண்ணு. நாளைக்கு நாட்டைப் பிரிச்சா நெகேவ் நம்ம பக்கம் வரணும், அதுக்கு அங்கே நம்ம ஆள் இருக்கணும். நம்ம ஊர்ல புறம்போக்குல ராத்திரியோட ராத்திரியா கொட்டகை போட்டு, காலையில 'நாங்க இங்கதான் இருக்கோம்'னு சொல்ற உத்திதான்.

1947ல ஐ.நா. 11 நாடுகள் கொண்ட ஒரு குழு போடுது. அதுல இந்தியாவும் உண்டு. பிரதிநிதி நீதிபதி சர் அப்துர் ரஹ்மான். பெரும்பான்மை ரெண்டு நாடா பிரிக்கச் சொல்லுது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூணும், பிரிக்காதீங்க, கூட்டாட்சியா ஒரே நாடு அமைக்கலாம்னு தனி அறிக்கை தருது. ஐன்ஸ்டீனே நேருவுக்குக் கடிதம் எழுதி யூத அரசுக்கு ஆதரவு கேட்டார். நேரு மரியாதையா மறுத்தார். நவம்பர் 29 ஓட்டெடுப்பு: ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. இந்தியா எதிர்ப்பு. மூணு மாசம் முன்னாடிதான் நம்ம நாடே ரெண்டா பிரிஞ்சு ரத்தம் காயாம கிடந்துச்சுங்கிறதை இதோட சேர்த்துப் படிங்க. அந்தத் திட்டப்படி, மக்கள்தொகையில மூணுல ஒரு பங்கா இருந்த யூதர்களுக்குச் சுமார் 56 சதவீத நிலம். அரபுத் தலைமை மறுத்துச்சு. சண்டை உடனே ஆரம்பிச்சது. 1948 மே 14 இஸ்ரேல் பிரகடனம், மறுநாள் அண்டை அரபு நாடுகளோட படையெடுப்பு. 1949ல போர் நின்னப்போ இஸ்ரேல் கையில 78 சதவீதம். 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடு இழந்து அகதிகள். அவங்க அதை 'நக்பா'ன்னு சொல்றாங்க, பேரழிவுன்னு அர்த்தம். நெகேவ்ல பல்லாயிரக்கணக்கா வாழ்ந்த பெதூயின் அரபுகள்ல போர் முடிஞ்சப்போ மிஞ்சினது சுமார் 11,000 பேர். அவங்களையும் ஒரு மூலைக்கு ஒதுக்கி, 1966 வரைக்கும் ராணுவ நிர்வாகத்துக்குக் கீழ வச்சிருந்தாங்க.

மறுபக்கம், அடுத்த இருபது, முப்பது வருஷத்துல ஈராக், ஏமன், எகிப்து, மொராக்கோவிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் இஸ்ரேலுக்கு வந்தாங்க. அதுல பல பேர் சொத்தை விட்டுட்டு, பயத்துல கிளம்பினவங்க.

கொச்சி யூதர்கள் மட்டும் இந்தக் கணக்குல பொருந்த மாட்டாங்க. அவங்களை யாரும் துரத்தல. 1948 வாக்குல மொத்தமே ஏறக்குறைய 2,400 பேர். பெரும்பாலானவங்க ஏழைங்க, சின்ன வியாபாரம். கொச்சி ராஜாவோட காலம் முடிஞ்சு, அந்தப் பழைய பாதுகாப்பு போய், காசும் குறைஞ்ச நேரம். ஆனா கிளம்பினதுக்கு முதல் காரணம் பக்திதான். ரெண்டாயிரம் வருஷ ஜெபம் பலிச்சிடுச்சுன்னு நிஜமாவே நம்பினாங்க. வீட்டை வித்தாங்க, ஜெபக்கூடத்தைப் பூட்டினாங்க. மாளை ஊர்க்காரங்க ஜெபக்கூடத்தையும் கல்லறையையும் ஊராட்சிகிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாங்க.

ரெடியா நின்னவங்களுக்கு ஒரு தடை வந்துச்சு. எங்கேருந்துன்னு நினைக்கிறீங்க? இஸ்ரேல் சுகாதாரத் துறையிலிருந்து. கொச்சி யானைக்கால் நோய்ப் பகுதி, இவங்க வந்தா இங்கே பரவும்னு நிறுத்தி வச்சாங்க. அப்போதான் ஏ.பி. சாலெம் மறுபடி வர்றார். இஸ்ரேலுக்கே போய் இவங்களுக்காக வாதாடினார். கடைசியில விட்டாங்க. பெரும்பகுதி 1953–55ல போய்ச் சேர்ந்துச்சு. அனுப்பி வச்ச இடங்கள்ல ஒண்ணு நெவாதிம். முதல்ல குடியேறினவங்க கைவிட்டுட்டுப் போன ஊர் அது. மழை கிடையாது, அதனால கொசு கிடையாது, யானைக்கால் பரவாது. பெரியாத்துத் தண்ணில குளிச்சு வளர்ந்தவங்களைக் கொண்டுபோய் நெகேவ்ல விட்டதுக்கு இப்படி ஒரு மருத்துவக் காரணமும் இருந்துச்சு. மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு வேற அவமானம்: உங்க யூத வம்சம் சுத்தமான்னு மதகுருக்கள் கேள்வி கேட்டாங்க. தெருவுல இறங்கிப் போராடி, 1964லதான் முழு யூதர்கள்னு அரசாங்கத்து வாயால கேட்டாங்க.

கொச்சியிலிருந்து போனவங்க அங்கே ஜெயிச்சாங்க. ஆடு மேய்ச்சு ஆரம்பிச்ச சேந்தமங்கலத்துக்காரர் எலியாஹு பெசலேல், பசுங்குடில்ல ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி பண்ணார். இந்திய அரசோட பிரவாசி பாரதிய சம்மான் விருது வாங்கினார்.

இன்னொரு கூட்டம் போன இடம் ஜெருசலேம் மலைப்பாதையில மெசிலத் சியோன். அந்த ஊர் எழும்பினது பைத் மஹ்சீர் என்கிற பாலஸ்தீன கிராமத்தோட நிலத்துல. 1945 கணக்குப்படி பைத் மஹ்சீர்ல 2,400 பேர். 1948 மே மாசம் அந்த ஊர் காலியாச்சு. கொச்சியிலிருந்து கிளம்பினவங்களும் ஏறக்குறைய 2,400 பேர்தான். எண் ஒத்துப்போனது தற்செயல், அதுக்கு நான் அர்த்தம் கற்பிக்கல. ஆனா எனக்கு இந்தச் சண்டையோட அளவு புரிஞ்சது, பெரிய பெரிய தீர்மானங்களைப் படிச்சப்போ இல்ல, இந்த ரெண்டு எண்ணைப் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்தப்போ.

நீ எந்தப் பக்கம்னு கேட்டீங்கன்னா, என் பதில் இது. மெசிலத் சியோனுக்குப் போன கொச்சிப் பாட்டியோட ஜெபத்துல எந்தப் பொய்யும் கிடையாது. அவங்க யார் வீட்டையும் இடிக்கல, பைத் மஹ்சீர்ங்கிற பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. அந்த நிலம் காலியா இருந்துச்சுங்கிறது மட்டும் பொய். அங்கே உழுதவங்க இருந்தாங்க, அவங்களைத் திரும்ப வர விடல. இதுல ஒண்ணை மறைச்சுட்டு இன்னொண்ணை மட்டும் சொல்ற ஃபார்வர்டு எதையும் நான் நம்புறதில்ல, எந்தக் கொடி போட்டு வந்தாலும் சரி.

தமிழங்களுக்கு 'தாயகம்'ங்கிற வார்த்தையே சும்மா கடந்துபோற வார்த்தை இல்லைல்ல. ஈழத்துல நாடு கேட்டப்போ 'யூதர்களைப் பார், ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு வாங்கிட்டாங்க'ன்னு மேடையில சொன்னவங்க உண்டு. அதே காலத்துல ஈரோஸ் இயக்கத்துப் பசங்க லெபனான்ல பாலஸ்தீனர்கள்கிட்டதான் ஆயுதப் பயிற்சி எடுத்தாங்க. 1984ல கொழும்புல அமெரிக்கத் தூதரகத்துக்குள்ள இஸ்ரேலுக்கு ஒரு அலுவலகம் திறந்துச்சு, இலங்கை ராணுவத்துக்கு உதவ. நம்ம ஆளுங்க யாரோட தங்களை ஒப்பிட்டாங்க, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, யார் எதிர்ல வந்து நின்னாங்கன்னு பார்த்தா தலை சுத்தும். தனி எபிசோடே போடலாம்.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். 1967 போர்ல மேற்குக்கரை, காசா, கிழக்கு ஜெருசலேம், சினாய், கோலான் எல்லாம் இஸ்ரேல் கைக்கு வருது. மேற்குக்கரையில யூதக் குடியேற்றங்கள் வளருது. 1987ல பாலஸ்தீன எழுச்சி. 1993ல ஆஸ்லோ ஒப்பந்தம், 1995ல அதுல கையெழுத்துப் போட்ட ரபீனை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக் கொல்றான். 2005ல காசாவிலிருந்து குடியேற்றங்களை எடுக்கறாங்க, 2007ல அங்கே ஹமாஸ் ஆட்சி, அதோட முற்றுகை. 2023 அக்டோபர் 7ல ஹமாஸ் தாக்குதல், இஸ்ரேல்ல சுமார் 1,200 பேர் கொலை, சுமார் 250 பேர் பணயக்கைதிகள். அதுக்கப்புறம் காசாவுல பல்லாயிரக்கணக்கான உயிர்கள், குழந்தைகளும் நிறைய. இந்தியாவும் இதுக்குள்ள இடம் மாறிச்சு: 1950ல இஸ்ரேலை அங்கீகரிச்சது, 1988ல பாலஸ்தீனத்தை அங்கீகரிச்சது, முழுத் தூதரக உறவை 1992லதான் ஆரம்பிச்சது.

இதுல 1979 மட்டும் நம்ம ஊர்க் கதைக்கு முக்கியம். எகிப்தோட சமாதானம் ஆகி, சினாயைத் திருப்பிக் கொடுத்தாங்க. நல்ல விஷயம். ஆனா சினாய்ல இருந்த விமானத் தளங்களுக்கு மாற்று இடம் வேணும். 1980ல தனிச் சட்டம் போட்டு, நெவாதிம் பக்கத்துல பெதூயின்கள் இருந்த நிலத்தை எடுத்து, அவங்களைக் குசைஃபா, அராரான்னு புது ஊர்களுக்கு நகர்த்தி, அந்த இடத்துல தளம் கட்டினாங்க. ஒரு எல்லையில சமாதானம் வந்ததுக்கான விலையை, அந்தச் சண்டையில பேசவே கூப்பிடாத ஒரு கூட்டம் கொடுத்துச்சு. ஒப்பந்தப்படி நகராத பெதூயின் கிராமங்கள் நெகேவ்ல இன்னும் நிறைய இருக்கு. அரசாங்க மேப்ல அதுக்கெல்லாம் பேர் கிடையாது. கரன்ட் இணைப்பு கிடையாது, பதுங்கு அறையும் கிடையாது.

மட்டாஞ்சேரியில பரதேசி ஜெபக்கூடம் இப்போ டூரிஸ்ட் இடம். 1968ல 400ஆவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்த கட்டடம். கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேணும், அங்கே அது எப்பவோ இல்லாம போச்சு. கடவும்பாகம் ஜெபக்கூடத்தோட மர வேலைப்பாடு ஜெருசலேம்ல இஸ்ரேல் அருங்காட்சியகத்துல இருக்கு. யூதப் பெண்கள் கல்யாண வீடுகள்ல பாடின மலையாளப் பாட்டுகளை, நோட்டுப் புத்தகங்கள்லேருந்து அறிஞர்கள் தொகுத்துப் பதிப்பிச்சிருக்காங்க. நெவாதிம்ல கொச்சி யூதர்களுக்குன்னு ஒரு பாரம்பரிய மையமும் இருக்கு.

2024 ஏப்ரல் அந்த ராத்திரி ஈரான் அனுப்பினதுல பெரும்பாலானதை வானத்துலயே தடுத்துட்டாங்க. சில ஏவுகணை நெவாதிம் தளத்துல விழுந்துச்சு, பெரிய சேதம் இல்லைன்னு ராணுவம் சொன்னது. அந்த ராத்திரி இஸ்ரேலுக்குள்ள பலத்த காயம் பட்டது ஒரே ஒருத்தர். ஏழு வயசுப் பொண்ணு. நெகேவ்ல, மேப்ல பேர் இல்லாத ஒரு பெதூயின் கிராமத்துல, தகரக் கூரையைப் பிச்சுக்கிட்டு வந்த ஏவுகணைத் துண்டு தலையில பட்டுச்சு.